அக்கா அழித்த ஃபைல்கள்

திருப்பதியில் வேலைக்குப் போகிற பெண்களுக்கான ஹாஸ்டலில் என்னோடு ஒரே அறையில் இருந்தவள் அந்த அக்கா. பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அவள் ஊர் குடிபாலா பக்கம் பாதிப் பேருக்கு யாரென்று தெரிந்துவிடும், அவள் போன் போட்டு என்னை உரித்துவிடுவாள். அதெல்லாம் நடந்து ஏழெட்டு வருஷம் ஆகிறது. இன்றைக்கும் வீட்டில் கத்தரிக்கோல் கண்ணில் படவில்லை என்றால் நான் முதலில் அவளைத்தான் திட்டுகிறேன். அவள் எங்கேயோ இருக்கிறாள், கத்தரிக்கோல் மேஜைக்கு அடியில் கிடக்கிறது.

முதல் நாளே ஆரம்பித்துவிட்டாள். எங்கள் ஊர் நகரியிலிருந்து பஸ்ஸில் வந்து, பையை வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். திரும்பி வந்தால் என் சாமான்கள் கட்டில் மேல் இரண்டு குவியலாக இருக்கின்றன. ஒரு குவியலுக்குப் பக்கத்தில் குப்பைத் தொட்டி தயாராக நிற்கிறது.

"இது இன்னாத்துக்கு?" என்றாள், ஒரு சாவியைத் தூக்கிப் பிடித்து.

"தெரியலக்கா. அது பையிலயே கெடக்கும்."

"தெரியலன்னா அப்பால இன்னாத்துக்கு சொமந்துக்கினு வந்த?"

சாவி தொட்டிக்குள் போனது. அது எங்கள் வீட்டு பீரோ சாவி என்பது, அம்மா போன் செய்து ஒப்பாரி வைத்தபோதுதான் தெரிந்தது. நான் அக்காவிடம் சண்டைக்குப் போனேன். அவள் துணி மடித்துக்கொண்டே, "பாத்தியா, இப்பதான் அது எந்தச் சாவின்னு உனுக்கே தெரியுது. போனாத்தான் தெரியும் எது வேணும்னு" என்றாள். இப்படிப் பேசுகிறவளிடம் என்னத்தைச் சண்டை போடுவது? பீரோவின் பூட்டை ஆள் வைத்து உடைத்தோம்.

ஆஸ்பத்திரி ஒன்றின் வாசலில் இருந்த மெடிக்கல் ஷாப்பில் அவள் பார்மசிஸ்ட். கடையைத் திறந்ததும் அவள் செய்கிற முதல் வேலை, தேதி முடிந்த மருந்துகளை அலமாரியிலிருந்து எடுத்துத் தனியாகப் போடுவது. பழைய தேதி முன்னால் வர வேண்டும், புதுத் தேதி பின்னால் போக வேண்டும், முடிந்தது வெளியே போக வேண்டும். கெட்டுப்போன மாத்திரை ஒன்று அவள் கையால் யாருக்கும் போனதில்லை, அந்தப் பெருமை அவளுக்கு உண்டு. கடையை மூடிய பிறகும் அந்தக் கண்ணை மூடத் தெரியாததுதான் அவளுடைய வியாதி. என் ஊறுகாய் பாட்டில், வார்டனம்மாவின் பவுடர் டப்பா, பக்கத்து அறைப் பெண் பத்திரமாக வைத்திருந்த பழைய வாழ்த்து அட்டை, எதைப் பார்த்தாலும் திருப்பித் திருப்பித் தேதி தேடுவாள்.

மனுஷர்களையும் விடவில்லை. சாந்திபுரத்தில் அவளுக்கு ஒரு மாப்பிள்ளை பார்த்து, பேசி முடிக்கிற கட்டம். அந்தப் பையன் தினமும் போன் செய்வான். நல்ல பையன், சாப்பிட்டாயா, மழை பெய்ததா என்று கேட்பான், அதற்கு மேல் அவனுக்கும் ஒன்றும் தெரியாது. திடீரென்று ஒரு மாதம் அக்கா அவன் போனை எடுக்கவே இல்லை.

"இன்னாக்கா, சண்டையா?" என்றேன்.

"சண்ட ஒண்ணியும் இல்ல. ஒரு மாசம் அவன வெளிய எடுத்துப் போட்டுப் பாத்தேன். எனுக்கு ஒரு வேலயும் கெடல" என்றாள்.

சம்பந்தம் அத்தோடு போயிற்று. நான்தான் ரெண்டு நாள் அந்தப் பையனுக்காக வருத்தப்பட்டேன்.

இப்படிப்பட்டவள் கையில்தான் அந்த கேம் மெஷின் வந்து சேர்ந்தது. மடித்து மூடுகிற மாதிரி, மேலே ஒரு திரை, கீழே ஒரு திரை, உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிது. கூட வேலை பார்த்த பெண் கல்யாணமாகிப் போகும்போது, வாராவாரம் குடிபாலாவுக்கு பஸ்ஸில் போய் வருகிறவளுக்குப் பொழுது போகட்டும் என்று கொடுத்துவிட்டுப் போனாள். அக்கா அதில் ஒரு ஆட்டம் ஆடி நான் பார்த்ததில்லை. திறந்ததும் அவள் கேட்டது, "இதுல இவ்ளோ கீதே, எல்லாம் இன்னாத்துக்கு?" என்பதுதான்.

மெஷினோடு வந்த சில சமாசாரங்களை அழிக்க முடியாது என்று தெரிந்ததும் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. நெட்டில் தேடித் தேடி ஹோம்ப்ரூ என்று ஒன்றைக் கண்டுபிடித்தாள். கம்பெனிக்காரன் பூட்டி விற்ற மெஷினைத் திறந்து, ஊர் உலகத்தில் யார் யாரோ ஆசைக்கு எழுதிப் போட்ட சாஃப்ட்வேரை அதில் ஓட விடுகிற வேலை. மெஷினில் சொருகுகிற மெமரி கார்டில் சில ஃபைல்களைப் போட வேண்டும். பட்டனை அழுத்தியதும் மெஷின் அந்த ஃபைல்களைத் தேடும். இருந்தால் எழுந்துகொள்ளும், இல்லாவிட்டால் நீல விளக்கு ஒரு தரம் மினுக்கி அணைந்துவிடும், அவ்வளவுதான். எல்லோரும் புது ஆட்டங்களைச் சேர்ப்பதற்காக இதைச் செய்கிறார்கள். இருப்பதை எடுத்துப் போடுவதற்காகச் செய்தவள் இவள் ஒருத்தியாகத்தான் இருக்கும்.

மெஷினைத் திறந்த அன்றைக்கே கொன்றுவிட்டாள். நீல விளக்கு மினுக்கியது, அணைந்தது. நெட்டில் இந்த மாதிரி ஆட்கள் கூடிப் பேசுகிற இடத்தில் போய்க் கேட்டாள். சிஸ்டம் ஃபைல் ஏதோ இல்லை, எதை அழித்தீர்கள் என்று கேட்டார்கள். "எனக்குத் தெரியாததை எல்லாம்" என்று இவள் பதில் எழுதினாள். ஒருத்தன் வெறும் சிரிப்புப் பொம்மையாகப் போட்டு அனுப்பினான். இன்னொரு நல்ல மனுஷன் பொறுமையாக எந்த ஃபைல், எங்கே கிடைக்கும் என்று சொல்லிக் கொடுத்தான். போட்டதும் மெஷின் எழுந்தது. அடுத்த நாள் வேறொரு ஃபைலை அழித்தாள்.

"பைத்தியமாக்கா உனுக்கு? இத்த அழிக்காதீங்கோன்னு அவனே எழுதிகீறானே."

"அவனுக்கு வேணும், எழுதிகீறான். எனுக்கு வேணுமான்னு நான் பாக்க வாணாமா?"

அந்த மெஷின் அவள் கையில் எத்தனையோ தரம் செத்துப் பிழைத்தது. கார்டில் இருப்பது எல்லாவற்றையும் லேப்டாப்பில் ஒரு நகல் எடுத்து வைக்கும்படி அந்த நல்ல மனுஷன் கெஞ்சிக் கேட்டுக்கொண்டான். எடுத்து வைத்தாள். ஒன்று இருக்கும்போது ஒரே மாதிரி ரெண்டு எதற்கு என்று கொஞ்ச நாளில் அந்த நகலையும் அழித்தாள். கேட்டபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது.

அக்காவின் அப்பா, அவள் வாயில் நைனா, மாம்பழ லாரி ஓட்டியவர். தோப்பிலிருந்து மாம்பழக் கூழ் ஃபேக்டரிக்கு, ஃபேக்டரியிலிருந்து தோப்புக்கு, சீசன் முழுக்க ஸ்டியரிங்கிலேயே கிடந்த மனுஷர். பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. கால் திரும்பி வந்தது. பேச்சும் கொஞ்சம் குழறலோடு வந்தது. கை மட்டும் வரவில்லை. விரல்களுக்குத் தினமும் வேலை கொடுத்தால் கை வரும், விட்டால் அப்படியே மடங்கிப் போகும் என்று டாக்டர் சொல்லி, பிசைவதற்கு ஒரு ரப்பர் பந்து கொடுத்தார். நைனா அதைத் தெரு நாய்க்குப் போட்டுவிட்டார்.

"லாரி ஓட்ன கைமா இது. பந்து பெசையச் சொல்றான்" என்றாராம்.

அக்கா மெஷினை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனாள். ஹோம்ப்ரூ ஆட்கள் யாரோ எழுதிய ஒரு லாரி ஆட்டம் அவளுக்குக் கிடைத்திருந்தது. மலைப்பாதை, பின்னால் அடுக்கிய பெட்டிகள், ஒன்றும் சரியாமல் மேலே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். மெஷினின் இடது பக்கப் பொத்தான்கள் எல்லாவற்றையும் வேலை செய்யாமல் ஆக்கிவிட்டு, வலது பக்கப் பொத்தான்களை மட்டும் விட்டுவைத்தாள். அவளுடைய எடுத்துப் போடுகிற புத்தி உருப்படியாக ஒரு வேலை செய்தது அப்போதுதான்.

நைனா வண்டியைத் திட்டிக்கொண்டே ஓட்டினார். ஆரன் இல்லாத வண்டியை எவன் செய்தான் என்றார். லோடு ஏற்றியவனுக்குக் கயிறு கட்டத் தெரியவில்லை என்றார். முதலில் கட்டைவிரல் மட்டும் அசைந்தது. அப்புறம் ஆள்காட்டி விரலும் சேர்ந்துகொண்டது. சாப்பாடு மட்டும் இடது கையில் கரண்டி பிடித்துத்தான், அதில் அவருக்கு வெட்கம். ஆனாலும் விரல்கள் விரிய ஆரம்பித்துவிட்டன என்று அக்கா ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரியும் வந்து என்னிடம் சொல்வாள். சொல்லும்போது தன் கையையே விரித்து விரித்துக் காட்டுவாள்.

அந்த வருஷம் பங்காளி வீட்டில் சாவு விழுந்ததால் எங்களுக்குப் பொங்கல் இல்லை. "சும்மா ஆஸ்டல்ல குந்திக்கினு இன்னா பண்ணப் போற, வா" என்று அக்கா என்னைக் குடிபாலாவுக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

போகியன்று அவளைப் பார்க்க வேண்டுமே. கிழிந்த பாய், உடைந்த முறம், அவளுடைய பள்ளிக்கூடச் சான்றிதழ் என்று எல்லாம் வாசலுக்கு வந்தது. சான்றிதழை அவள் அம்மா ஓடிவந்து பிடுங்கிக்கொண்டு, "ஏமே, நெருப்புல உன்னயே போட்டுக்கோ" என்று திட்டிவிட்டுப் போனார். வீடு முடிந்தது. வெயில் ஏறிய பிறகு, கை சும்மா இருக்க முடியாமல், நைனா தூங்கும்போது மெஷினிலிருந்த மெமரி கார்டை எடுத்து லேப்டாப்பில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். எல்லா ஃபைல்களையும் தேதி வாரியாக அடுக்கினாள். கடையில் மாத்திரையை அடுக்குகிற அதே கை. பழைய தேதி எல்லாவற்றையும் மொத்தமாகப் பிடித்து அழித்துவிட்டாள். நல்ல நாள், பழசு போகட்டும் என்று நினைத்தாளாம்.

மெஷினை எழுப்புகிற ஃபைலை அதை எழுதியவர்கள் எப்போதோ எழுதினார்கள், அதன் தேதி பழசாகத்தானே இருக்கும்? அது போதாதென்று, பேட்டரி ஒரு தரம் சுத்தமாகத் தீர்ந்தபோது மெஷினின் கடிகாரம் பின்னால் போய்விட்டிருந்தது, அதை யாரும் சரி செய்யவில்லை. நைனா முந்தின நாள் ஆடிய ஆட்டத்தின் பதிவுக்கும் பல வருஷத்துக்கு முந்தைய தேதிதான் விழுந்திருக்கிறது. கார்டில் மிஞ்சியது ஒன்றுமில்லை. அது தெரியாமல் கார்டை மெஷினில் திருப்பிச் சொருகி வைத்தாள்.

நைனா எழுந்து பட்டனை அழுத்தினார். நீல விளக்கு மினுக்கி அணைந்தது. மறுபடி அழுத்தினார்.

"ஒரு ஃபைல் இல்ல நைனா. அஞ்சி நிமிஷத்துல போட்டுத் தர்றேன்" என்று அக்கா கார்டை மறுபடி லேப்டாப்பில் போட்டு, போனிலிருந்து நெட் எடுக்க ஆரம்பித்தாள்.

எனக்கு அப்போதுதான் விஷயம் உறைத்தது. நான் ஸ்டூடியோ ஒன்றில் கல்யாண ஆல்பம் டிசைன் செய்துகொண்டிருந்தேன். முகூர்த்தம் எடுத்த கார்டைத் தெரியாமல் அழித்துவிட்டு வந்து அழுகிற போட்டோகிராபர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அழித்த ஃபைல் உடனே போய்விடாது, கார்டிலேயே கிடக்கும். அதன் மேல் புதிதாக எதையாவது எழுதினால்தான் போகும். அழித்த பிறகு கார்டைத் தொடாமல் கொண்டுவந்தால் பெரும்பாலும் மீட்டுவிடலாம். நான் லேப்டாப்பிலிருந்து கார்டைப் பிடுங்கி என் பர்சில் போட்டுக்கொண்டேன்.

"ஏய், குடுடி. நைனா குந்திக்கினு கீறாரு."

"நீ இப்ப ஒண்ணு போட்டன்னா அவர் ஆட்னது எல்லாம் சுத்தமா பூடும். திருப்பதி போய் ஸ்டூடியோவுல எடுத்துத் தர்றேன். அதுவரைக்கும் கை வெக்காத."

"பொங்கல் முடியணுமே. அதுவரைக்கும் அவர் கை?"

"அத்த அழிக்கறப்ப யோசிச்சிருக்கணும்" என்றேன். சொன்னதும் அவள் முகம் சுண்டிவிட்டது, ஆனால் நான் விடவில்லை. வேறு மெஷினுக்கு வழியில்லை, வேறு கார்டு வாங்கலாம் என்றால் பண்டிகைக்குக் கடை எல்லாம் மூடியிருந்தது. எதையும் தொடாமல் சும்மா இருப்பது அவளுக்கு எவ்வளவு பெரிய தண்டனை என்று அந்த நாட்களில்தான் பார்த்தேன். அடுப்படியில் போய் டப்பாக்களைத் திறப்பாள், மூடுவாள், ஒன்றையும் தூக்கிப் போடாமல் திரும்பி வருவாள்.

நைனா வலது கையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். விரல்கள் மறுபடி உள்ளே மடங்கின. அக்கா ரப்பர் பந்து ஒன்றைத் தேடிக் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் பார்க்கக்கூட இல்லை.

"அயிபோயிந்தா? எல்லாமே பூட்ச்சா?" என்று மட்டும் கேட்டார்.

"இல்ல நைனா, உன் வண்டி வந்துடும்."

"வண்டிய யாரு கேட்டா?" என்றார்.

கோபத்தில் சொல்கிறார் என்றுதான் நானும் நினைத்தேன். பொங்கலன்றும் மாட்டுப் பொங்கலன்றும் அந்தக் கை மடியை விட்டு எழும்பவே இல்லை. டாக்டர் சொன்ன மாதிரி அப்படியே போய்விடுமோ என்று எனக்கும் பயம் வந்தது. அக்கா அம்மாவிடம், "நான்தாம்மா கெடுத்தேன்" என்று சொல்லிவிட்டுக் கிணற்றடிக்குப் போய் அழுதாள். அவள் அழுது அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

திருப்பதிக்கு வந்த அன்றைக்கே ஸ்டூடியோவில் கார்டைப் போட்டேன். ஃபைல்கள் வந்தன. ஆனால் இப்படி மீட்டால் பழைய பெயர்கள் வராது, எல்லாவற்றுக்கும் வெறும் எண்தான் இருக்கும். எது மெஷினை எழுப்புவது, எது லாரி, எது நைனாவின் ஆட்டம், ஒன்றும் தெரியாது. ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க வேண்டியதுதான். எதற்கென்று தெரியாத எதையும் வைத்திருக்காத மகராசி, அத்தனையும் எதற்கென்று தெரியாத ஃபைல்களுக்கு முன்னால் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்தாள். எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம், அதை ஏன் மறைக்க வேண்டும்?

அப்போது ஒரு போட்டோ திறந்தது. அந்த மெஷினில் ஒரு சின்ன கேமரா உண்டு, வலது பக்க மேல் பொத்தானை அழுத்தினால் எடுக்கும். அது இருப்பதே அக்காவுக்கு மறந்துபோயிருந்தது. போட்டோக்களுக்கும் அந்தப் பழைய தேதியே விழுந்திருந்ததால் திறந்துகூடப் பார்க்காமல் அழித்திருக்கிறாள்.

முதல் போட்டோவில் பாதித் திரையை ஒரு விரல் அடைத்திருந்தது. அடுத்ததில் வானம். அதற்கடுத்து வாசற்படி, யாரோ ஒருத்தியின் செருப்பு. அப்புறம் கோணலாக ஒரு முதுகு. அப்புறம் அதே முதுகு, கொஞ்சம் நேராக, தோளில் அக்கா ஊருக்குத் தூக்கிப் போகிற பச்சைப் பை. ரோட்டைத் தாண்டி பஸ்ஸுக்கு நிற்கிற முதுகு. பஸ்ஸில் கால் வைக்கிற முதுகு. கடைசிக்கு வரவரக் கை ஆடவே இல்லை, பஸ்ஸின் ஊர்ப் பலகையில் இருந்த எழுத்தைக்கூடப் படிக்க முடிந்தது. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அக்கா திருப்பதிக்குக் கிளம்பிப் போகும்போது, வாசலில் கட்டிலில் உட்கார்ந்து அந்த மனுஷர் வலது கையால் எடுத்தவை.

அக்காவுக்குக் கண்ணீர் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது, துடைக்கவும் இல்லை. நான் ஆல்பம் செய்கிற பழக்கத்தில், "அந்த வெரல் அடைச்சது, வானம் இதெல்லாம் எடுத்துடட்டாக்கா?" என்றேன். அவள் என் கையில் பளாரென்று ஒரு அடி போட்டாள்.

எந்த ஃபைல் எது என்று கண்டுபிடிக்க எங்களுக்கு அந்த வாரம் முழுக்க ஆயிற்று. ஞாயிற்றுக்கிழமை இருவரும் குடிபாலாவில் போய் இறங்கினோம். அக்கா பட்டனை அழுத்திக் காட்டினாள். நீல விளக்கு மினுக்கியது, மெஷின் எழுந்தது. நைனா இடது கையை நீட்டாமல் மடியிலிருந்த வலது கையைத் தூக்கினார். அது நடுங்கியது, பாதி வழியில் நின்றது, அப்புறம் வந்து வாங்கிக்கொண்டது. லாரி இருந்த பக்கம் அவர் போகவே இல்லை. நேராக போட்டோக்களைத் திறந்து, ஒன்று விடாமல் இருக்கிறதா என்று தள்ளித் தள்ளிப் பார்த்தார்.

அக்கா அவர் எதிரில் போய் நின்று முடியை ஒதுக்கிக்கொண்டாள்.

"எப்பப் பாத்தாலும் முதுவயே எடுத்து வெச்சிகீறியே நைனா. இப்ப மூஞ்சிய எடு."

அவர் தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்தார்.

"போறப்ப எடுக்கறேன். இப்ப எதுக்கு போட்டோ? அதான் வந்துட்டியே" என்றார்.